சிபியுவ தொட்டா சுர்ருங்குது, என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பெரும்பாலானது ஷாக், இடி, எஸ்எம்பிஎஸ்னு கரண்ட் பக்கமே இருக்கு. அதனால சாப்ட்வேர் கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இத மட்டும் கொஞ்சம் விரிவா எழுதறேன்.

கேள்வி: சார், எங்க வீட்டு சிபியுவோட பின்பக்கம், அப்புறம் பென்டிரைவ் சொருகற இடம், இதுல கை பட்டா சுர்ருனு இழுக்குது. செருப்பு போட்டுக்கிட்டு தொட்டா ஒண்ணும் தெரியல. டெஸ்டர் வச்சா மங்கலா எரியுது. எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு கம்ப்யூட்டர்னா அப்படித்தான் இருக்கும்மானு சொல்லிட்டு போயிட்டாரு. பையன் பத்தாவது படிக்கிறான், அவன்தான் அதிகம் உக்காருவான், பயமா இருக்கு.
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, நீங்க பயப்படறதுதான் சரி, "அப்படித்தான் இருக்கும்"னு விட்டுட்டு போனதுதான் தப்பு. கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லாம இருக்கலாம், ஆனா உங்க வீட்டு ப்ளக் பாயின்ட்ல எர்த் வேலை செய்யலன்னு அது சொல்லுது.

எப்படின்னா, சிபியு உள்ள பவர் சப்ளைனு ஒரு தகரப் பெட்டி இருக்குல்ல, எஸ்எம்பிஎஸ், அதுக்குள்ள இரைச்சல வடிகட்டறதுக்காக கரண்ட் வர்ற பேஸ் ஒயர்ல இருந்து ஒரு சின்ன கெபாசிட்டர் (மின்சாரத்த சேத்து வைக்கற சாமான்), நியூட்ரல்ல இருந்து ஒரு சின்ன கெபாசிட்டர், ரெண்டோட மறுமுனையும் அந்த தகரத்தோட சேத்திருப்பாங்க. எர்த் ஒழுங்கா இருந்தா அது வழியா வர்ற துளி கரண்ட் எர்த் ஒயர்ல இறங்கி போயிடும், நமக்கு தெரியவே தெரியாது. எர்த் இல்லன்னா தகரம் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல தொங்குது, 230 வோல்ட்டுல பாதி, ஏறக்குறைய 115 வோல்ட் அதுல நிக்கும். டெஸ்டர் மங்கலா எரியறது அதனாலதான். கரண்ட் அளவு ரொம்ப கம்மிங்கறதால சுர்ருங்கறதோட நிக்குது. சிபியு, மானிட்டர், பிரிண்டர் மூணையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸ்ல மாட்டி அந்த பாக்ஸுக்கே எர்த் இல்லன்னா மூணுல இருந்தும் கசியறது சேந்து இன்னும் நல்லா இழுக்கும்.

இந்த சுர்ரு ஆள கொல்லாது. நான் பயப்படறது அடுத்து வரக்கூடியதுக்கு. என்னிக்காவது எஸ்எம்பிஎஸ் உள்ள ஒரு ஒயர் உருகி தகரத்துல பட்டுச்சுன்னா, எர்த் இருக்கற வீட்டுல உடனே பியூஸ் போகும் இல்ல ட்ரிப் ஆகும். எர்த் இல்லாத வீட்டுல எதுவுமே நடக்காது, கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே கூட இருக்கலாம், முழு 230 வோல்ட்டும் அந்த டப்பா மேல உக்காந்திருக்கும், யார் கை முதல்ல படுதோ அவங்க வழியாத்தான் அது தரைக்கு போகும். வெறுங்கால்ல, துடைச்சு ஈரம் காயாத தரையில நிக்கற புள்ளைய நெனச்சு பாருங்க. அதனால சரி பண்ற வரைக்கும் பையன அதுல உக்கார வைக்காதீங்க, செருப்பு போட்டுக்கிட்டா போதும்னும் விட்டுடாதீங்க.

முதல்ல ப்ளக்க பாருங்க. மூணு பின்ல மேல இருக்கற தடியான நீளமான பின் இருக்கா, இல்ல மூணு பின்ன ரெண்டு பின்னா மாத்தற கன்வெர்ட்டர் போட்டிருக்கா? போட்டிருந்தா அத இன்னிக்கே தூக்கி போட்டுடுங்க. அந்த எர்த் பின்ன நீளமா செஞ்சதே, சொருகும்போது மத்த ரெண்டுக்கும் முன்னாடி அது சேரணும், உருவும்போது கடைசியா அது விலகணும்ங்கறதுக்காகத்தான். பின் சரியா இருந்தா கோளாறு சுவத்துக்குள்ள. வேற எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அந்த பாயின்ட்டுல பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப் போட்டு பாக்க சொல்லுங்க, பேஸ் நியூட்ரல்ல எரியற அளவுக்கு பல்பு பிரகாசமா எரியணும். (வீட்டுல, கரண்ட் கசிஞ்சா தானா அணைக்கற ஆர்சிசிபி சுவிட்ச் இருந்தா பல்பு எரியறதுக்குள்ள ட்ரிப் ஆயிடும், அப்படி ஆனாலும் எர்த் இருக்குன்னுதான் அர்த்தம்.) மீட்டர் வச்சு பாத்தா நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். நிறைய பழைய வீடுகள்ல சுவத்துக்குள்ள எர்த் ஒயரே இழுத்திருக்க மாட்டாங்க, பாயின்ட்டுல மூணு ஓட்டை மட்டும் இருக்கும். இல்லன்னா ஒயர் இருக்கும், வெளிய எர்த் குழி காஞ்சு பைப்பு துருப்பிடிச்சு கிடக்கும். உங்க பக்கம் வெயில் அதிகம், குழியில உப்பும் கரியும் இருக்கான்னு பாத்து கோடையில அப்பப்ப தண்ணி ஊத்துங்க.

இன்னொண்ணு, இத தயவு செஞ்சு மறக்காதீங்க. சில பேரு எர்த் இழுக்க சோம்பல்பட்டுக்கிட்டு சுவிட்ச் பாக்ஸுக்குள்ளயே நியூட்ரல்ல இருந்து எர்த் ஓட்டைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டு விட்டுடுவாங்க. சுர்ருனு இழுக்கறது அப்பவே நின்னுடும், நமக்கும் வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா என்னிக்கு தெருக்கம்பத்துலயோ மெயின்லயோ நியூட்ரல் அறுந்து போகுதோ அன்னிக்கு அந்த பாயின்ட்டுல மாட்டியிருக்கற எல்லா சாமானோட தகரத்துலயும் முழு கரண்ட்டும் வந்துடும். ஷாக் இருந்தப்ப இருந்த நிலைமைய விட இது பல மடங்கு ஆபத்து, அதனால வேலை நடக்கும்போது பக்கத்துலயே நின்னு சுவிட்ச் பாக்ஸ திறந்து காட்ட சொல்லுங்க. தண்ணி பைப்புல எர்த் கட்டறதும் வேண்டாம், இப்ப எல்லா வீட்டுலயும் பாதி பைப்பு பிளாஸ்டிக்தான்.

முடிஞ்சா 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு மெயின்ல போட்டுடுங்க. புள்ளைங்க இருக்கற வீட்டுக்கு அது அவசியம்னே சொல்வேன்.

கேள்வி: அண்ணே, கம்ப்யூட்டர் ஆன் பண்ணா பேன் சுத்துது, டிஸ்பிளே வரல, பீப் பீப்னு சத்தம் மட்டும் வருது. ராம கழட்டி ரப்பர் வச்சு தேச்சா சரியாகும்னு பிரண்ட்ஸ் சொல்றாங்க. நானே பண்ணலாமா? ஷட்டவுன் பண்ணிட்டு சுவிட்ச் ஆப் பண்ணா போதும்ல?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தாராளமா நீங்களே பண்ணலாம் தம்பி, இதுக்கு போய் கடைக்கு தூக்கிட்டு போக வேண்டாம். ஆனா அந்த கடைசி வரிக்கு பதில், போதாது.

ஷட்டவுன் பண்ண கம்ப்யூட்டர் முழுசா அணைஞ்ச கம்ப்யூட்டர் கிடையாது. பவர் பட்டன் அமுக்கினா முழிக்கறதுக்காக எஸ்எம்பிஎஸ் எந்நேரமும் ஒரு 5 வோல்ட்ட மதர்போர்டுக்கு கொடுத்துக்கிட்டே இருக்கும். சைடு மூடிய திறந்து பாருங்க, நிறைய போர்டுல ஷட்டவுன் ஆனப்புறமும் மூலையில ஒரு சின்ன லைட் எரியும், அது அந்த 5 வோல்ட்டுதான். அந்த நேரத்துல ராம புடுங்கினா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ராமும் போர்டும் போயிடலாம். சுவத்து சுவிட்ச ஆப் பண்ணா அது நிக்கும், ஆனா சுவிட்ச் ஒரு ஒயரத்தான் வெட்டும், அதையும் ஒயரிங்ல பேஸ் நியூட்ரல் மாத்தி போட்டிருந்தா நியூட்ரல வெட்டிட்டு பேஸ உள்ளயே விட்டுடும். அதனால ப்ளக்கையே உருவணும். யுபிஎஸ் இருந்தா இன்னும் கவனம், யுபிஎஸ் ப்ளக்க சுவத்துல இருந்து உருவினா அதோட வேலையே அப்பத்தான் ஆரம்பிக்கும், பேட்டரில இருந்து 230 வோல்ட் கொடுத்துக்கிட்டு இருக்கும். சிபியு பின்னாடி சொருகியிருக்கற பவர் கார்டையே கழட்டுங்க, அதுதான் சந்தேகமே இல்லாத வழி.

கார்ட கழட்டினப்புறம் பவர் பட்டன ஒரு பத்து செகண்ட் அமுக்கி பிடிங்க. சில நேரம் பேன் லேசா ஒரு துடி துடிச்சு நிக்கும், உள்ள மிச்சம் இருந்த கரண்ட் அதோட காலி, போர்டு லைட்டும் அணைஞ்சிருக்கும். மோதிரம், கைசெயின் இருந்தா கழட்டிடுங்க. பெயின்ட் இல்லாத தகரத்த ஒரு தடவை கையால தொட்டுக்குங்க, உடம்புல இருக்கற ஸ்டாட்டிக் அதுல போயிடும், வேலைக்கு நடுவுலயும் அப்பப்ப தொட்டுக்குங்க. பாலியெஸ்டர் சட்டை, ஏசி ரூம், கால்மிதி மேல நின்னுக்கிட்டு வேலை பாக்கறது, இதெல்லாம் வேண்டாம்.

ரெண்டு பக்க கிளிப்பையும் விரிச்சா ராம் தானா மேல எழும்பும் (சில போர்டுல ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும்), ஓரத்த பிடிச்சு தூக்குங்க, தங்கக்கலர் பல்லுல விரல் படக்கூடாது. வெள்ளை பென்சில் ரப்பரால அந்த பல்லு மேல மெதுவா ஒரே பக்கமா தேய்ங்க. இத போர்டுக்கு மேல பிடிச்சுக்கிட்டு பண்ணாதீங்க, ரப்பர் தூள் ஸ்லாட்டுல விழுந்தா புது பிரச்சினை. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கிடைச்சா கடைசியா அத துணியில தொட்டு துடைச்சு காய விட்டா இன்னும் நல்லது. ஸ்லாட்ட ஒரு காஞ்ச பிரஷ்ஷால தட்டி விட்டு, ராம்ல இருக்கற வெட்டும் ஸ்லாட்டுல இருக்கற மேடும் சேருதான்னு பாத்துட்டு ரெண்டு ஓரமும் டக்குனு கிளிப் விழற வரைக்கும் அமுக்குங்க. இதுக்கு கொஞ்சம் பலம் வேணும், ஆனா வெட்டு சேராம பலம் கொடுத்தா உடையும்.

ரெண்டு ராம் இருந்தா ஒவ்வொண்ணா தனியா போட்டு பாருங்க, எது கெட்டதுன்னு தெரிஞ்சுடும். அப்பவும் பீப் வந்தா எத்தனை தடவை, நீளமா குட்டையான்னு எழுதி வச்சுக்கிட்டு உங்க போர்டு கம்பெனியோட மேனுவல்ல தேடுங்க, கம்பெனிக்கு கம்பெனி கணக்கு மாறும்.

கேள்வி: ஐடிஐ எலக்ட்ரானிக்ஸ் முடிச்சிருக்கேன். எஸ்எம்பிஎஸ் டெட். உள்ள கெபாசிட்டர் உப்பியிருக்கும்னு நெனக்கிறேன், திறந்து நானே மாத்தலாமா?
– வாசகர், தர்மபுரி

பதில்: வேண்டாம்னுதான் சொல்வேன், படிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சும் சொல்றேன். 230 வோல்ட் ஏசி உள்ள போனதும் டிசியா மாறும்போது 320 வோல்ட்டுக்கு மேல போயிடும், பிஎப்சிங்கற கூடுதல் சர்க்யூட் இருக்கற புது மாடல்ல 380, 400 வரைக்கும் நிக்கும். அது சேந்து கிடக்கற பெரிய கெபாசிட்டர் ப்ளக்க உருவினதும் காலியாகறது இல்ல. வடிகால் ரெசிஸ்டர் நல்லா இருந்தா சில நிமிஷத்துல இறங்கும், ஆனா நீங்க திறக்கப்போறது கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ், அந்த ரெசிஸ்டர் நல்லா இருக்குன்னு யார் உத்தரவாதம் தர்றது? அந்த டிசி நெஞ்சு வழியா ஒரே அடியா இறங்கினா உயிருக்கே ஆபத்து. பெஞ்சுல சீரிஸ் லேம்ப் போட்டு, மீட்டர்ல அளந்து கெபாசிட்டர டிஸ்சார்ஜ் பண்ண பழகின ஆள் பக்கத்துல இருந்து சொல்லிக்கொடுத்தா கத்துக்குங்க, வீட்டு மேசையில தனியா உக்காந்து வேண்டாம்.

திறக்காமலே நிறைய கண்டுபிடிக்கலாம். பவர் கார்ட கழட்டிட்டு, 24 பின் கனெக்டர மதர்போர்டுல இருந்தும் மத்ததையெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல இருந்தும் எடுத்துட்டு, அதுல பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கருப்பையும் ஒரு சின்ன கம்பியால இணைச்சுட்டு அப்புறம் கார்ட போட்டு ஆன் பண்ணுங்க. பேன் சுத்தலன்னா எஸ்எம்பிஎஸ் போச்சு. (சில மாடல்ல லோடு இல்லன்னா பேன் சுத்தாது, அதனால மீட்டரையும் வச்சு பாத்துடுங்க.) சுத்தினா மட்டும் நல்லதுன்னு சொல்லிட முடியாது, மஞ்சள்ல 11.4ல இருந்து 12.6க்குள்ள, சிவப்புல 4.75ல இருந்து 5.25க்குள்ள வரணும். எல்லா ஒயரும் கருப்பாவே வர்ற மாடலா இருந்தா பின் நம்பர் தெரியாம கம்பி சொருகாதீங்க.

பழைய எஸ்எம்பிஎஸ்ல பின்னாடி 115, 230னு ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். புள்ளைங்க விளையாட்டா நகத்தால தள்ளிட்டாங்கன்னா, 115ல வச்சு நம்ம ஊரு கரண்ட்ட கொடுத்தா படார்னு வெடிக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கினா ஆன் பண்றதுக்கு முன்னாடி அத பாத்துடுங்க, 230ல வச்சு மேல டேப் ஒட்டிடுங்க. புதுசு வாங்கும்போது கேபிள் கழட்டி மாட்டற மாடல்னா பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள இதுல சொருகாதீங்க, வாய் ஒண்ணா இருக்கும், உள்ள பின் வரிசை வேற, ஹார்ட் டிஸ்க் கருகிடும்.

கேள்வி: மழைக்காலத்துல இடி விழுந்து ரெண்டு வருஷமா மதர்போர்டு போகுது. ஸ்பைக் கார்டு போட்டுத்தான் வச்சிருக்கேன்.
– இ-சேவை மையம் நடத்தும் வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: ஸ்பைக் கார்டு கரண்ட்டுல திடீர்னு வர்ற சின்னச்சின்ன ஏத்தத்துக்கு உதவும், பக்கத்துல விழற இடிய அதால தடுக்க முடியாது. அதுக்குள்ள இருக்கற சாமான் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு ஒருநாள் வேலை செய்யறத நிறுத்திடும், அப்பவும் அதுல சொருகின கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும், நமக்கு தெரியாது. அதோட அதுவும் எர்த் இருந்தாத்தான் முழுசா வேலை செய்யும்.

உங்க விஷயத்துல இடி கரண்ட் ஒயர் வழியா வந்துச்சா, நெட் ஒயர் வழியா வந்துச்சான்னு பாக்கணும். எல்லாரும் பவர் ப்ளக்க உருவிட்டு லேன் கேபிள விட்டுடறாங்க. கம்பத்துல இருந்து செம்பு ஒயர்ல வர்ற பிராட்பேண்டா இருந்தா அதுவே போதும், மோடம் வழியா மதர்போர்டு வரைக்கும் வந்துடும். பைபர்ல கரண்ட் வராது, ஆனா அந்த பைபர் டப்பாவோட அடாப்டர் சுவத்துலதானே இருக்கு, அங்க இருந்து லேன் கேபிள்ல ஏறலாம். அதனால ஐப்பசி கார்த்திகை முழுக்க கடைய பூட்டும்போது பவர் ப்ளக்கு, லேன், பிரிண்டர் மூணையும் கழட்டிட்டு போறத பழக்கமாக்குங்க. சித்திரை வைகாசி கோடை இடிக்கும் இதேதான். ஆனா தலைக்கு மேல இடிச்சுக்கிட்டு இருக்கும்போது ஓடிப்போய் ஒயர தொடாதீங்க. மதர்போர்டு போனா வாங்கிக்கலாம்.

யுபிஎஸ்ல லேசர் பிரிண்டர மாட்டியிருந்தா எடுத்துடுங்க. 600 விஏனு போட்டிருக்கறதுல பெரும்பாலானது 360 வாட்டுதான் தாங்கும், லேசர் பிரிண்டர் சூடாகும்போது அதுக்கு மேல இழுக்கும். பேட்டரி உப்பியிருந்தாலோ சூடா இருந்தாலோ அன்னிக்கே மாத்துங்க, பழசுல ஈயமும் ஆசிடும் இருக்கு, குப்பையில போடாம கடையில எக்ஸ்சேஞ்ச் கொடுங்க.

கேள்வி: பனியன் கம்பெனி ஆபீஸ். நூல் தூசி அடைச்சு சிஸ்டம் தானா ஆப் ஆகுது. பக்கத்து பஞ்சர் கடை கம்ப்ரசர்ல காத்து அடிக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பஞ்சர் கடை காத்து வேண்டாங்க. அந்த டேங்குக்குள்ள தண்ணியும் ஆயிலும் தேங்கி நிக்கும், காத்தோட சேந்து அதுவும் போர்டு மேல அடிக்கும், அழுத்தமும் ரொம்ப அதிகம், சின்ன சாமான பேத்துடும். வீட்டு வேக்குவம் கிளீனரும் கூடாது, அதோட பிளாஸ்டிக் மூக்குல ஸ்டாட்டிக் சேரும். கையில பிடிக்கற ப்ளோயர் ஒண்ணு ஆபீஸுக்குன்னே வாங்கிடுங்க, உங்க ஊருக்கு அது மாசாமாசம் தேவைப்படும்.

எல்லா ஒயரையும் கழட்டி சிபியுவ வெளிய எடுத்துட்டு போய், மூக்குல துணி கட்டிக்கிட்டு அடிங்க. அடிக்கும்போது பேன ஒரு விரலால பிடிச்சுக்குங்க, காத்து வேகத்துல தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போயிடும். உங்க இடத்துல பிராசசர் பேனுக்கு அடியில சூட்ட வெளியேத்தற ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல தூசி கம்பளித்துணியா படிஞ்சு கிடக்கும், மேல இருந்து அடிச்சா நகராது, பேன மட்டும் கழட்டி உரிச்சு எடுக்கணும். ஹீட்சிங்க்கையே தூக்கிட்டா பழைய தெர்மல் பேஸ்ட்ட முழுசா துடைச்சு புதுசா நடுவுல ஒரு பட்டாணி அளவு வச்சுத்தான் மாட்டணும், இது பழகாதவங்க கடையில கொடுங்க. எஸ்எம்பிஎஸ்ஸ வெளிய இருந்து ஊதறதோட நிறுத்திக்குங்க.

அப்படியே பின்பக்கம் கார்டு போடற இடத்துல தகடு இல்லாம ஓட்டை இருக்கான்னு பாருங்க. சூடா இருக்குன்னு பல்லி அது வழியாத்தான் உள்ள போகுது, போர்டுல ரெண்டு இடத்த ஒண்ணா தொட்டா அதுவும் செத்து சிஸ்டமும் போகும். அந்த தகடு சர்வீஸ் கடையில சும்மாவே கொடுப்பாங்க.

கேள்வி: ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தேதி பழைய வருஷத்துக்கு போயிடுது, வெப்சைட் எதுவும் திறக்கல.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, மதர்போர்டுல இருக்கற பட்டன் பேட்டரி தீந்துடுச்சு, சிஆர் 2032, 3 வோல்ட், சாதாரண விலைதான். தேதி தப்பா இருந்தா வெப்சைட்டோட பாதுகாப்பு சான்றிதழ் செல்லாதுன்னு பிரவுசர் நெனச்சுக்கும், அதான் திறக்கல. பவர் கார்ட கழட்டிட்டு பக்கத்து கிளிப்ப லேசா தள்ளினா பேட்டரி எழும்பும், புதுசுல கூட்டல் குறி மேல தெரியற மாதிரி வைங்க.

பழைய பேட்டரிய மேசை மேல வைக்காதீங்கய்யா. பேரப்புள்ளைங்க வந்து போற வீடா இருந்தா ரொம்ப கவனம். தீந்து போனதா இருந்தாலும் குழந்தை முழுங்கினா தொண்டைக்குழாய்ல ஒட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உள்ள வெந்து போக ஆரம்பிச்சுடும். முழுங்கியிருக்குமோனு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம, வாழைப்பழம் கொடுத்து பாக்கலாம்னு காத்திருக்காம, எக்ஸ்ரே இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடணும். ரெண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டி உயரமான இடத்துல வச்சிருந்து, இ-வேஸ்ட் வாங்கற இடத்துல கொடுத்துடுங்க.

கேள்வி: போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கேன். ஹார்ட் டிஸ்க்ல இருந்து டிக் டிக்னு சத்தம் வருது, சில நேரம் திறக்குது சில நேரம் இல்ல. முகூர்த்த போட்டோ எல்லாம் அதுலதான். சர்வீஸுக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இத படிக்கும்போது சிஸ்டம் ஆன்ல இருந்தா அடுத்து திறக்கற நேரத்துல ரொம்ப முக்கியமான போல்டர மட்டும் முதல்ல வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க, இன்னும் டெலிவரி கொடுக்காத கல்யாணங்கள் முதல்ல, மத்தது அப்புறம். திறக்கலன்னா திரும்பத்திரும்ப ஆன் பண்ணி பாக்காதீங்க, ஒவ்வொரு டிக்கும் உள்ள தகவல படிக்கற ஹெட்டு இடம் தெரியாம தடுமாறற சத்தம், தகவல் பதிஞ்சிருக்கற தட்டு மேல கீறல் விழுந்துட்டா எந்த லேபாலயும் மீட்க முடியாது. ஸ்கேன் டிஸ்க், டீஃப்ராக் எதுவும் ஓட்டாதீங்க. தட்டறது, பிரிட்ஜுல வைக்கறது, மூடிய திறந்து பாக்கறது, மூணும் கூடவே கூடாது. ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஒரு தூசிய விட கம்மி, சாதாரண ரூம்ல திறந்தா அதோட முடிஞ்சது.

டேட்டா ரெக்கவரிக்குன்னு தனியா செய்யறவங்ககிட்ட ஹார்ட் டிஸ்க்க மட்டும் கொடுங்க, தெர்மாகோல், பபிள் ஷீட் சுத்தி. அங்க பேசும்போது வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தொகைய எழுதி வாங்குங்க, டேட்டா வரலன்னா எவ்வளவுன்னும் கேளுங்க. சிஸ்டம தனியா சர்வீஸுக்கு கொடுக்கறதா இருந்தா ஹார்ட் டிஸ்க்க கழட்டி வச்சுட்டு கொடுங்க, ராம் எத்தனை, எந்த கம்பெனி, சீரியல் நம்பர் என்னன்னு போன்ல போட்டோ எடுத்துக்கிட்டு பில்லுல எழுத சொல்லுங்க. அடுத்தவங்க வீட்டு கல்யாண போட்டோ உங்க பொறுப்புல இருக்கு, பழைய டிஸ்க்க எக்ஸ்சேஞ்சுல போடாதீங்க, பார்மட் பண்ணாலும் திரும்ப எடுக்க முடியும். உள்ள இருக்கற தட்டு வரைக்கும் ட்ரில் போட்டு ஓட்டை போட்டுட்டு இ-வேஸ்ட் வாங்கற இடத்துல கொடுங்க.

இனிமே எடுக்கற போட்டோ மெமரி கார்டுல இருந்து இறங்கின அன்னிக்கே ரெண்டு தனித்தனி டிஸ்க்ல இருக்கணும், ஒண்ணு ஸ்டூடியோவுல, இன்னொண்ணு வீட்டுல. வீட்டுல இருக்கறது எந்நேரமும் சொருகியே இருக்கக்கூடாது. காப்பி பண்ற நேரம் மட்டும் சொருகி, முடிஞ்சதும் உருவி பெட்டியில வச்சுடுங்க.